நடுவில் பிடித்த கம்பி

வாத்தியாரா நீங்கள்? மடியில் சிறுவர் இதழ்கள் ஒரு கட்டு இருக்கிறதே, அதனால் கேட்டேன். அப்படியானால் ஒரு விடுகதை போடுகிறேன், அருப்புக்கோட்டை வருவதற்குள் விடை சொல்லுங்கள். அங்கேதானே இறங்குகிறீர்கள்? கண்டக்டரிடம் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது.

பதினாலு அண்ணன் தம்பிகள். எல்லோரும் மூன்று மாடி உயரம். எழுந்து நின்ற நாளிலிருந்து இழுபட்டுக்கொண்டே நிற்கிறார்கள். ஒருவன் தளர்ந்தாலும் வீடு ஆடிப்போகும். வீட்டில் இருப்பவர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவர்கள் யார்?

தேர் வடமா? வடத்தைத்தான் ஊரே பார்க்கிறதே சார். பனைமரமா? பனைமரத்தை யார் இழுக்கிறார்கள்? என் மகள் முதலில் கிட்டார் கம்பி என்றாள். அப்புறம் மின்கம்பம் என்றாள். இரண்டு நாள் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. பத்து வயதுதான். ஜெர்லின் என்று பெயர்.

விடை, டை ராட். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பெரிய கப்பலின் எஞ்சின் மூன்று மாடி வீடு மாதிரி இருக்கும் சார். அவ்வளவு பெரியதை ஒரே வார்ப்பாகச் செய்ய முடியாது. அடியில் ஒரு படுக்கை, அதன் மேல் ஒரு சட்டம், அதன் மேல் சிலிண்டர்கள் என்று அடுக்கு அடுக்காக வைப்பார்கள். உங்கள் வீட்டில் இட்லித் தட்டு அடுக்கு இருக்கும். நடுவே ஒரு கம்பி போகும், உச்சியில் ஒரு திருகு. திருகை முடுக்கினால் நாலு தட்டும் ஒன்றாக நிற்கும். அதேதான் இதுவும். உச்சியிலிருந்து அடி வரைக்கும் ஒன்பது மீட்டர் நீளக் கம்பிகள், ஆள் தொடைப் பருமன். ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குப் பதினாலு. உள்ளே வெடிக்கிற ஒவ்வொரு வெடியும் அடுக்கைப் பிரித்துத் தூக்கப் பார்க்கும். கம்பி விடாது. இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்கும்.

நான் கப்பலில் செகண்ட் எஞ்சினியர். மச்சாது என்று பெயர், தூத்துக்குடி. இப்போது மதுரைக்குப் போய், அங்கிருந்து விமானம். அதெல்லாம் இருக்கட்டும். உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். இத்தனை பேரில் உங்களிடம் ஏன் என்று கேட்காதீர்கள். நீங்கள் இறங்கிப் போய்விடுவீர்கள், அதனால்தான்.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், இசக்கிராஜா, வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் ஐந்து மாதமாகப் பிடிபட்டுக் கிடக்கிறான். பையன் என்று சொல்கிறேனே தவிர முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆனவன். நான் செகண்ட், அவன் ஃபோர்த். என் கீழே வேலை பார்த்தவன். அவனை விடுவிக்க ஐம்பத்திரண்டு வினாடி போதும். ஐம்பத்திரண்டு வினாடி ஓடுகிற ஒரு குரல் பதிவு. என்னுடைய குரல். நேற்று மத்தியானம் வரைக்கும் அது என் மகளிடம் இருந்தது.

அவசரப்படாதீர்கள், வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

மே மாதம். சரக்குக்காக ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தோம். சும்மா கிடக்கும் நேரத்தில்தான் டை ராடுகளைச் சரிபார்க்க முடியும். ஓடி ஓடிக் கம்பிகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும், மறுபடி இழுத்துக் கட்டவேண்டும். துறைமுகத்தார் மாலை நாலு மணி வரைக்கும் எஞ்சினை நிறுத்திவைக்க அனுமதி தந்தார்கள். நாலு மணி. நேரம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஜெர்லினுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நன்மை அப்பம் வாங்குகிற நாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் ஒரு தடவைதான். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவத்தி. அவள் பிறந்தபோது நான் கடலில். ஞானஸ்நானத்துக்குக் கடலில். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கும் கடலில். இதையாவது பார்க்கவேண்டும் என்று இருந்தேன். பூசை பத்தரைக்கு. மேல்தளத்தில் நின்றால் கரையிலிருந்து சிக்னல் வரும், போனில் பார்க்கலாம். என் மனைவி பிரிசில்லா பத்து மணிக்கே கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

விடியற்காலை ஐந்துக்கே வேலையை ஆரம்பித்தோம். நானும் இசக்கியும். அவன் எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே வேலை பார்ப்பான். டை ராடுகளை மச்சான்மார் என்பான். "சார், நம்ம பதினாலு மச்சானும் கோவத்துல வெறைச்சுப் போய் நிக்காங்க. மேற்கொண்டு இழுத்தா சம்பந்தம் முறிஞ்சிரும்." அந்த ஆள் அப்படி. எண்ணெயில் குளித்துக்கொண்டே சிரிப்பான்.

கம்பியை எப்படி இழுப்பது என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. உச்சியில் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஜாக்கை மாட்டுவோம். எதிரெதிராக இரண்டு கம்பிகளுக்கு ஒரே நேரத்தில். நடுவில் இருக்கிற ஜோடியில் ஆரம்பித்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஓரத்துக்குப் போகவேண்டும். ஜாக் கம்பியை இழுக்கும். இழுத்த நிலையில் நட்டை இறுக்கிவிட்டு ஜாக்கை எடுத்துவிடுவோம். ஜாக்கோடு சேர்ந்த அளவுமானி எவ்வளவு அழுத்தம் என்று காட்டும்.

இதில் ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. ஒன்பது மீட்டர்க் கம்பி அல்லவா, எஞ்சின் ஓடும்போது நடுவில் அதிரும். அதிராமல் இருக்க, கம்பியின் இடுப்பைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்கிற திருகுகள் உண்டு. பிஞ்ச் ஸ்க்ரூ என்போம். கம்பியை இழுப்பதற்கு முன்னால் அந்தத் திருகுகளைத் தளர்த்தியே ஆகவேண்டும். இழுத்து முடித்ததும் மறுபடி இறுக்கவேண்டும். தளர்த்தாமல் இழுத்தால் என்ன ஆகும்?

ஒரு ரப்பர் பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் நுனியைச் சன்னல் கம்பியில் மாட்டுங்கள். நடுவில் இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேல் நுனியை மட்டும் இழுங்கள். மேல் பாதி விறைக்கும். கீழ்ப் பாதி அப்படியே தொய்ந்து கிடக்கும். ஆனால் அளவுமானி இருப்பது மேலே. மேலே பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாக இருக்கும். முழு அழுத்தம், சரியான எண்.

பதினாலுக்கும் முதலில் தளர்த்திவிட்டுத்தான் இழுக்க ஆரம்பிக்கவேண்டும். நாங்கள் பத்துக்குத் தளர்த்தினோம். ஓரத்தில் இருக்கிற நாலுக்குப் போகவேண்டும் என்றால் இரண்டு சட்டங்களுக்கு இடையில் மல்லாக்கப் படுத்து, எண்ணெய்க்குள் ஊர்ந்து போகவேண்டும். ஒன்றுக்கு அரை மணி நேரம். அதை அப்புறம் பார்ப்போம் என்று நடுவில் இழுக்க ஆரம்பித்துவிட்டோம். எல்லாக் கப்பலிலும் இப்படிச் செய்வார்கள் சார், நான் ஒருத்தன்தான் செய்தேன் என்று நினைக்காதீர்கள்.

பத்துக் கம்பி முடியும்போது மணி ஒன்பதே கால். இசக்கி கேட்டான். "சார், ஓரத்து நாலுக்கு இன்னும் பிஞ்ச் ஸ்க்ரூ தளத்தலயே. நான் உள்ள போயிட்டு வரட்டா?"

"நீ ஜாக்கை மேல ஏத்து. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அவன் ஜாக்கை மேலே கொண்டுபோனான். மூன்று மாடி ஏறி, இரண்டு ஜாக்கையும் மாட்டி, குழாய் இணைத்து முடிக்க இருபது நிமிடம் ஆகும். நான் ஸ்பானரோடு கீழே போனேன். போகத்தான் செய்தேன். சட்டத்துக்குப் பக்கத்தில் நின்றேன். மணி பார்த்தேன். நாலுக்கும் இரண்டு மணி நேரம். பூசை முடிந்து கேக் வெட்டியிருப்பார்கள்.

மேலே ஏறிப் போய், "ஆச்சு, இழு" என்றேன். ஓரத்துத் திருகுகளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியாது, அங்கே அவன் போனதே இல்லை.

இழுத்தான். அளவுமானி சரியாகக் காட்டியது. அடுத்த ஜோடிக்கும் அப்படியே. முடிந்ததும் மறுபடி இறுக்குவதற்கு அவன் கீழே இறங்கப் போனான். "அந்த நாலையும் நானே இறுக்கிட்டேன், நீ மத்த பத்தைப் பாரு" என்றேன்.

"என்ன சார் இவ்வளவு வேகம்! மகளுக்குப் புதுநன்மைன்னா அப்பாவுக்குச் சிறகு மொளச்சிருமோ?" என்றான். சந்தேகமே இல்லை. சந்தேகப்பட்டுப் பேசுகிற குரல் எனக்குத் தெரியும்.

வேலைத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் யார் செய்தது என்று கையெழுத்து வேண்டும். பிஞ்ச் ஸ்க்ரூ தளர்த்தியது, செய்தவர். அந்த இடத்தில் ஃபோர்த் போடவேண்டும். சரிபார்த்தவர் என்ற இடத்தில் செகண்ட். "போட்டுரட்டா சார்?" என்று கேட்டான். "போடு" என்றேன். பழைய பனியன் துணியில் கையைத் துடைத்துவிட்டுப் போட்டான். பதினாலு வரியிலும் போட்டான். செகண்ட் சொன்னால் ஃபோர்த் போடுவான். நானும் ஃபோர்த்தாக இருந்தபோது அப்படித்தான் போட்டிருக்கிறேன். அதுதான் கப்பல். நான் அவன் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை, இதை நீங்கள் கவனிக்கவேண்டும்.

குளித்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன். பார்த்தேன் சார். வரிசையில் மூன்றாவதாக நின்றாள். பூமுடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நாக்கை நீட்டி நன்மை வாங்கிவிட்டு, கேமரா எங்கே இருக்கிறது என்று தேடினாள். அப்பா எங்கே இருக்கிறார் என்றுதானே அதற்கு அர்த்தம்?

அன்றைக்குச் சாயங்காலம் மனம் நிறைந்து இருந்தது. டை ராட் விடுகதையைப் போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது, அவள் விடை கேட்டுக்கொண்டே இருந்தாள். பேசி அனுப்பினேன். கப்பலிலிருந்து எப்போதும் அப்படித்தான், ஒரு விடுகதை, அப்புறம் விடை. அவளுடைய டேப்லெட்டுக்கு அனுப்புவேன், டேப் என்போம். அதில் நான் சொன்னது எல்லாம் இப்போதும் எனக்குச் சொல்லுக்குச் சொல் தெரியும்.

"ஜெர்லி, தோத்துட்டியா? விடை டை ராட். கப்பல் எஞ்சினக் கட்டிப் புடிச்சிருக்குற பதினாலு கம்பி. இன்னைக்கு டாடி அதத்தான் இழுத்துக் கட்டினேன். இழுக்கும்போது நடுவுல புடிச்சிருக்குற திருகத் தளத்தணும். இல்லன்னா, ரப்பர் பேண்ட நடுவுல புடிச்சிட்டு இழுத்தா பாதிதான வெறைக்கும், அந்த மாதிரி ஆயிரும். கடைசி நாலு கம்பிக்கு டாடி திருகத் தளத்தவே இல்லியே! எதுக்குச் சொல்லு? உன் வெள்ளைக் கவுனப் பாக்கணும்னுதான். இசக்கி மாமாகிட்ட சொல்லிராத, என்ன? அவனுக்குத் தெரியாது. டாடி அடுத்த ஊர்ல போயி சரி பண்ணிருவேன்."

பாருங்கள், கடைசியில் என்ன சொல்லியிருக்கிறேன்? சரி பண்ணிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். எண்ணம் இருந்தது. அடுத்த துறைமுகத்தில் ஆறு மணி நேரம்தான் நின்றோம். அதற்கடுத்ததில் எரிபொருள் பம்பைப் பிரித்துப் பார்க்கவேண்டி வந்துவிட்டது. மூன்றாவது வாரம் எனக்கு மாற்று ஆள் ஏறிவிட்டார். ஒப்படைக்கும்போது எழுதியிருக்கலாம். எழுதினால், கையெழுத்து இருக்கிறதே, பொய்க் கையெழுத்தா என்று இசக்கியைத்தான் கேட்பார்கள். அவனுக்காகத்தான் எழுதவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

நான் வீட்டுக்கு வந்து ஏழு வாரம் கழித்து அது நடந்தது. கப்பல் ஒரு குறுகலான கால்வாயில் துறைமுகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. ஓரத்துக் கம்பிகளின் கீழ்ப் பாதி தொய்ந்து கிடந்ததால் அங்கே அடுக்கு ஆடி ஆடி, சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங் சூடேறியிருக்கிறது. எண்ணெய் ஆவியாகி எஞ்சினுக்குள் நிரம்பியிருக்கிறது. எச்சரிக்கை மணி அடித்தது. காவலில் இருந்தவன் இசக்கி. வேகத்தைக் குறைக்கவேண்டும் என்று மேலே போன் செய்தான். கால்வாயைத் தாண்ட பத்து நிமிடம் பொறு என்றார்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஆவி பற்றிக்கொண்டது. இரும்புக் கதவு பெயர்ந்து தீ வெளியே வந்தது. பக்கத்தில் நின்ற டேனிலோ இறந்துபோனார். பிலிப்பைன்ஸ்காரர், எண்ணெய் ஊற்றுகிற வேலை. என் பிறந்த நாளுக்கு நூடுல்ஸ் கிண்டிக் கொண்டுவந்து தந்த மனிதர்.

விசாரணைக்காரர்கள் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள். நாலு திருகிலும் பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது, திறந்த தடமே இல்லை. தாளில் பார்த்தால் தளர்த்தியது என்று கையெழுத்து. யாருடையது? இசக்கியுடையது. கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். செகண்ட் தளர்த்தினேன் என்று சொன்னார், அதனால் போட்டேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். என்னைக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். நான் சரிபார்த்தவன், செய்தவனிடம் கேளுங்கள் என்று பதில் போட்டேன். தாளில் அப்படித்தானே இருக்கிறது? தாளில் இல்லாததை நான் எழுதவில்லை.

எட்டயபுரம் விலக்கு தாண்டிவிட்டோமா? இன்னும் நேரம் இருக்கிறது.

அவன் மனைவி முத்துச்செல்வி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஐந்து மாதமாகத் தினமும். வந்து என்ன செய்வாள்? உட்கார்ந்திருப்பாள். நான் எதையாவது சொல்லமாட்டேனா என்று உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள்கூட நான் வராதே என்று சொன்னதில்லை. ஃபேனுக்குக் கீழே இருக்கிற நல்ல நாற்காலி அவளுக்குத்தான். தூதரகத்துக்கு ஏழு மனு, ஏழையும் நானே என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இசக்கிராஜா நேர்மையானவர், கடமை தவறாதவர் என்று எழுதினேன். ஒரு சொல் பொய் கிடையாது. யார் செய்வார்கள் சார் இதை?

"அவிய தப்புப் பண்ணியிருக்க மாட்டாவ அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரியும்லா?" என்பாள்.

"தெரியும்மா" என்பேன்.

"ஒங்களுக்கே தெரியும்போது அவங்களுக்கு ஏன் தெரிய மாட்டேங்கு?"

டீ குடிம்மா என்பேன்.

போன மாதம் ஒரு கடிதம் கொண்டுவந்தாள். அந்த ஊர் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் அனுப்பியது. படித்துச் சொல்லுங்க அண்ணாச்சி என்றாள். படித்தேன். குற்றச்சாட்டு முழுவதும் இருந்தது. பிஞ்ச் ஸ்க்ரூ என்று நாலு இடத்தில் வந்தது. ஜெர்லின் அங்கேயே தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிஞ்ச் ஸ்க்ரூன்னா என்ன அண்ணாச்சி? அதத் தளத்தலன்னா என்ன ஆவும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெர்லின் தலையை நிமிர்த்தினாள். "ரப்பர் பேண்ட் மாதிரிக்கா" என்றாள். சடையிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றினாள். ஒரு நுனியைப் பேனாவில் மாட்டினாள். "நீங்க நடுவுல புடிங்க. நல்லா புடிங்க. இப்ப நான் இழுக்கேன். பாத்தீங்களா, மேலதான் வெறைக்கி. கீழ வெறைக்கல."

"அட, ஆமா!" என்றாள் முத்துச்செல்வி. இத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. "ஒனக்கு யாரு சொல்லித் தந்தா?"

ஜெர்லின் என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. அவள் கண்ணில் நான் பார்த்தேன். ரப்பர் பேண்டை விட்டுவிட்டாள், அது முத்துச்செல்வியின் விரலில் சுண்டியது.

"ஸ்கூல்ல" என்றாள்.

அன்றிலிருந்து முத்துச்செல்வி வந்தால் அவள் கூடத்தில் இருப்பதில்லை. என்னிடம் பேசுவதும் குறைந்துவிட்டது. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, படிக்கிற பிள்ளை, அதனால் இருக்கும். விடுகதை போட்டால்கூட "தெரியல டாடி" என்று உடனே சொல்லிவிடுகிறாள். யோசிப்பதே இல்லை. நீங்கள் பிள்ளைகளோடு பழகுகிறவர். அந்த வயதில் அப்படித்தானே?

நான் தூங்கியே ஒரு மாதம் ஆகிறது. அந்தப் பதிவு என் போனில் இல்லை, என்றைக்கோ அழித்துவிட்டேன். அவள் டேப்பில் மட்டும் இருக்கிறது. அதற்குப் பூட்டு உண்டு, அவளுக்கு மட்டும்தான் தெரியும். பிரிசில்லாவிடம் சொல்லமுடியாது. அவளுக்குத் தெரிந்தால் அந்த நிமிடமே செருப்பைக்கூட மாட்டாமல் முத்துச்செல்வி வீட்டுக்கு ஓடுவாள். நானே போய்ச் சொல்லலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. முகத்தில் தெரிகிறது. சொன்னால் இருபது வருடம் கடலில் வாங்கிய சான்றிதழ் போய்விடும். ஒரு மனிதர் இறந்திருக்கிறார் சார். என்னை அந்த ஊருக்குக் கூப்பிடுவார்கள். இசக்கி இருக்கிற அறையில் நான் இருப்பேன். ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். பல் விளக்கி முடிப்பதற்குள் போய்விடும். சாயங்காலம் அவள் வந்து அந்த நாற்காலியில் உட்காருவாள். எழுந்து ஃபேன் வேகத்தைக் கூட்டுவேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. சீஃப் எஞ்சினியராகப் பதவி உயர்வு, ஞாயிறு மதுரையிலிருந்து விமானம், வேறு கப்பல். எத்தனை வருடக் கனவு! சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் திரிந்தேன். போவதற்கு முன்னால் அந்தப் பதிவு விஷயத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவரவேண்டும் அல்லவா? இரண்டில் ஒன்று. இப்படியே தொங்கவிட்டுவிட்டு ஆறு மாதம் கடலில் எப்படி இருப்பது?

நேற்று சனிக்கிழமை. ஜெர்லினை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். டேப்பையும் எடுத்துவரச் சொன்னேன். மழை விட்டு வெயில் அடித்தது, கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. அவளிடம் நான் ஒளிக்கவில்லை. பெரிய மனுஷியிடம் பேசுகிற மாதிரிப் பேசினேன்.

"ஜெர்லி, டாடி ஒனக்கு அனுப்பினது அது. ஒன்னோட சாமான். அத வச்சிருக்கணுமா, அழிக்கணுமான்னு நீதான் முடிவு பண்ணணும். டாடி ஒண்ணும் சொல்லமாட்டேன்."

எந்த அப்பா தன் பிள்ளைக்கு இந்த மரியாதையைக் கொடுப்பான்? அழித்துவிடு என்று நான் சொல்லவே இல்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

அவள் டேப்பை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் கேள்வி கேட்டாள். விடுகதைக்குக் கேட்பாளே, உயிர் உள்ளதா, வீட்டில் இருக்குமா என்று ஒவ்வொன்றாக, அந்த மாதிரி.

"இதக் கேட்டா இசக்கி மாமாவ விட்டுருவாங்களா?"

"விடுவாங்கன்னுதான் நெனைக்கேன்."

"ஒங்களப் புடிப்பாங்களா?"

"புடிக்கலாம்."

"எத்தன நாளைக்கு?"

"தெரியாதும்மா."

"அழிச்சிட்டா?"

"இப்ப இருக்குற மாதிரியே இருக்கும்."

"செல்வி அக்கா தெனமும் வருவாங்களா?"

"வருவாங்க."

"அவங்க கேட்டா நான் என்ன சொல்லணும்?"

நான் கொடியில் இருந்த சீருடையைத் திருப்பிப் போட்டேன். கீழே வெளிக்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சனிக்கிழமை முத்துச்செல்விக்கு அரைநாள் வேலை, மத்தியானமே வந்துவிடுவாள். "ஜெர்லி எங்கக்கா?" என்று அவள் கேட்பதும், "மாடில அப்பாவும் மகளும் ரகசியம் பேசுதாங்க" என்று பிரிசில்லா சிரிப்பதும் மேலே வரைக்கும் வந்தது.

ஜெர்லின் படிக்கட்டைப் பார்த்தாள். டேப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கடைசியாக ஒன்று கேட்டாள்.

"அழிச்சா நீங்க வீட்லயே இருப்பீங்களா டாடி?"

"இருப்பேன்" என்றேன்.

கடிதம் பையில் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் வேறு என்ன சொல்லமுடியும்? இன்று காலை வரைக்கும் இருந்தேனே. அதோடு ஆறு மாதம்தான், திரும்பி வந்துவிடப் போகிறேன். வருவதற்குள் அவளும் மறந்துவிடுவாள். காலையில் நான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவில்லை. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

நேற்று மாடியில், இருப்பேன் என்று நான் சொன்னதும், "அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்றாள். திரும்பிக்கொண்டேன். துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் நாலும் தெரிந்தன. முதுகுக்குப் பின்னால் என் குரல் கேட்டது. ஜெர்லி, தோத்துட்டியா என்று ஆரம்பித்து, சரி பண்ணிருவேன் என்பது வரைக்கும் முழுவதும். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நான் மனதுக்குள் என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்கிறீர்களா? எனக்கே தெரியவில்லை சார். அவள் கீழே இறங்கி ஓடினால் தடுக்கக்கூடாது என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடிவிட வேண்டும் என்றும் இருந்தது. ஓடிவிடக் கூடாது என்றும் இருந்தது.

அருப்புக்கோட்டை வந்துவிட்டது. பையை எடுத்துக்கொள்ளுங்கள், மேலே குடை இருக்கிறது. வழி விடுங்கள்மா, சார் இறங்கவேண்டும்.

என்ன செய்தாளா?

அழித்துவிட்டாள்.